கருப்பையா அவர்களின் மகன்

தை மாதத்து வெயில் ஏறுவதற்கு முன்பே, புளியமரத்தில் கட்டியிருக்கும் குழாய் ஸ்பீக்கர் ஒருமுறை காது கிழியக் கத்தும். பிறகு யாரோ மைக்கில் "பூ, பூ" என்று ஊதுவார்கள். விரலால் தட்டுகிற சத்தம் வயல்வெளி முழுக்கப் போய்த் திரும்பும். மரத்திலிருந்த காக்கைகள் மொத்தமும் எழும்பி எங்கள் தெருவின் கூரைகள் மேல் வந்து உட்காரும். பொங்கல் கபடிப் போட்டி தொடங்கப் போகிறது என்று அர்த்தம். இன்றைக்கும் எங்காவது ஒரு மைக் அப்படிக் கத்தினால் எல்லோரும் காதைப் பொத்திக்கொள்கிறார்கள், நான் மட்டும் நின்று கேட்கிறேன்.

மதுரைக்குப் பக்கத்தில் இருக்கும் பரவையிலிருந்து மேற்கே போனால் வயல்களுக்கு நடுவில் எங்கள் ஊர். ஊர் என்று நான் சொல்வது மேற்குத் தெருவை. நிலமும் கிணறும் வைத்திருந்த சம்சாரி வீடுகள் அங்கேதான் இருந்தன. அந்த நிலங்களில் நாற்று நட்டு, களையெடுத்து, கதிரறுத்த நாங்கள் இருந்தது புளியமரத்துக்குக் கிழக்கே, "காலனி". போட்டி நடக்கும் பொட்டல் ஊருக்கு மேற்கே இருந்ததால் எங்களுக்கு அது தூரம், அதைவிடப் பெரிய தூரம் நாங்கள் பொம்பளைப் பிள்ளைகளாக இருந்தது. வயசுக்கு வந்த பெண்ணும் வராத பெண்ணும் அந்தப் பக்கம் தலைகாட்டக் கூடாது. ஆகவே எங்களுக்குக் கபடி என்பது கண்ணால் பார்க்கிற விளையாட்டே அல்ல, காதால் கேட்கிற விளையாட்டு. ஒரு குழாய் எங்கள் தெருவைப் பார்த்துக் கட்டப்பட்டிருந்தது. எங்களுக்காகக் கட்டியதென்று யாரும் நினைக்க வேண்டாம், கட்டுவதற்குத் தோதான கிளை அந்தப் பக்கம் இருந்தது, அவ்வளவுதான்.

அந்தக் குழாய் வழியே வருஷா வருஷம் எத்தனை பேர் எங்களைக் கொன்றிருக்கிறார்கள் தெரியுமா. ஒருவர் வந்தார், அடுக்குமொழியில் வீரத்தையும் மண்ணையும் பாராட்டிக்கொண்டே இருப்பார், அதற்குள் உள்ளே போனவன் தொட்டானா பிடிபட்டானா என்பதே தெரியாமல் போய்விடும். இன்னொருவர் விழாவுக்கு வந்த பெரிய மனிதர்களை வரவேற்று முடிப்பதற்குள் ஒரு பாதி ஆட்டம் முடிந்திருக்கும். நடுவில் மூச்சு வாங்கும்போது "அருமையான பிடி" என்பார். யார் பிடித்தது, யாரைப் பிடித்தது? அடுப்படியில் பனங்கிழங்குக்குத் தோல் உரித்துக்கொண்டிருந்த அம்மாவும் நானும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வோம். பக்கத்து வீட்டுச் சித்தி, "இந்தாளுக்குக் கண்ணு தெரியுமா தெரியாதா" என்று திட்டுவாள்.

அந்த வருஷம் வந்தவர் காதர் பாய். மதுரையில் கோரிப்பாளையத்தில் சின்னதாகச் செருப்புக் கடை வைத்திருந்தவர், சின்ன வயதில் கபடி ஆடி முழங்காலைக் கெடுத்துக்கொண்டவர் என்பதெல்லாம் பிறகு தெரிந்தது. முதல் நாள் காலையில் குரல்தான் தெரிந்தது. பெரிய குரலும் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி ஒரு குரல், "வீட்டுக்குள்ள வேலை பார்த்துக்கிட்டே கேக்குற தாய்மார்களுக்கும் வணக்கம்" என்றது. அம்மா கையிலிருந்த கிழங்கைக் கீழே வைத்துவிட்டாள். அதுவரைக்கும் அந்தக் குழாயிலிருந்து யாரும் எங்களிடம் பேசியதில்லை.

அப்புறம் அவர் சொன்ன விதம். யார் எந்தப் பக்கம் நிற்கிறார்கள், பனியன் என்ன நிறம் என்று முதலில் பொட்டலை நம் கண்முன் வரைந்துவிடுவார். பிறகு "கபடி, கபடி" என்று பாடிப் போகிறவன் நடுக்கோட்டைத் தாண்டுவதிலிருந்து ஒவ்வோர் அடியையும் சொல்வார். "வலது மூலைக்குப் போறார். மூலையில நிக்கிறவர் பின்வாங்குறார். காலை நீட்டுறார், எட்டலை. இப்ப இடது பக்கம் திரும்புறார், நடுவுல உள்ளவங்க கைகோக்குறாங்க." இவ்வளவும் மூச்சு விடுகிற அளவுக்கு இடைவெளி விட்டுச் சொல்வார். பிடி விழுந்துவிட்டால் ஒன்றும் சொல்ல மாட்டார். கூட்டம் கத்துகிற சத்தத்தைக் கேட்க எங்களுக்கு நேரம் கொடுப்பார். அது அடங்கியபின் யார் பிடித்தது, இப்போது புள்ளிகள் என்ன என்று சொல்லி முடிப்பார். கீழக்குயில்குடிக்காரர்கள் ஆடிய ஆட்டத்தை நான் பார்த்ததாகவே இன்றுவரை நினைவிருக்கிறது, பார்த்ததில்லை.

இதற்கு நடுவில் ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் என் கோபம் யாருக்கும் புரியாது. எங்கள் பக்கத்தில் பாடிப் போகிறவனை அறிவிக்கும்போது அப்பா பெயரையும் சேர்த்துச் சொல்வது முறை. மேற்குத் தெருப் பையன் இறங்கினால், "நமது ஊர்ப் பெரியவர் இன்னார் அவர்களின் இளைய மகன்" என்று குழாய் நீட்டி முழக்கும். எங்கள் தெருவிலிருந்து யாராவது ஓர் ஆள் குறைகிற குழுவுக்குச் சேர்ந்து ஆடினால், "காலனிப் பையன் வாரான்" என்று முடிந்துவிடும், அல்லது "கட்டையன்", "கருவாயன்" என்று ஒரு பட்டப்பெயர். எங்களுக்கெல்லாம் அப்பா இருந்ததே அந்தக் குழாய்க்குத் தெரியாது. என் அப்பாவின் பெயர் கருப்பையா. அதை முழுசாக யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. மீசை முளைக்காத மேற்குத் தெருப் பையன்கள்கூட வரப்பில் நின்றுகொண்டு "ஏய் கருப்பா" என்பார்கள், அவரும் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு ஓடுவார்.

அந்த வருஷம்தான் எங்கள் தெருப் பையன்கள் தனிக் குழுவாகப் பெயர் கொடுத்திருந்தார்கள். வெளியூர்க் குழுக்கள் எல்லாம் வருகிறபோது எங்களை மட்டும் வேண்டாம் என்று சொல்ல விழாக் குழுவுக்கு வாய் வரவில்லை. முதல் சுற்றிலேயே தோற்றுத் திரும்புவார்கள் என்றுதான் நினைத்திருப்பார்கள். என் அண்ணன் தவசிதான் குழுவுக்குத் தலைவன். ஜெயித்துக்கொண்டே வந்து, கடைசி நாள் மாலை இறுதி ஆட்டத்தில் மேற்குத் தெருக் குழுவுக்கு எதிரே போய் நின்றார்கள்.

முந்தைய சுற்றுகளில் ஆடுகிறவர் பெயரை மட்டும் சொன்ன காதர் பாய், இறுதி ஆட்டத்தில் மேற்குத் தெருப் பையன்களை விழாக் குழு எழுதிக் கொடுத்தபடி அப்பா பெயரோடு அறிவித்தார். முதல் முறை அண்ணன் பாடிப் போனபோது கொஞ்சம் நிறுத்தினார். மேசையில் இருந்தவர்களிடம் ஏதோ கேட்பது மைக்கில் மங்கலாக விழுந்தது. பிறகு தெளிவாகச் சொன்னார்: "பாடி வருபவர், கருப்பையா அவர்களின் மகன் தவசி."

அம்மா அடுப்பில் ஊதிக்கொண்டிருந்தவள் அப்படியே நிமிர்ந்தாள். "யாரைச் சொல்றாக?" என்று என்னைக் கேட்டாள். நம்ம அப்பாவைத்தான் என்றேன். புருஷன் பெயரைத் தன் வாயால் சொல்லாத அம்மா, முந்தானையை எடுத்து வாயில் வைத்துக்கொண்டு, "இன்னொருக்கச் சொல்லுவாகளா?" என்றாள். சொன்னார். அண்ணன் இறங்கின ஒவ்வொரு முறையும் சொன்னார். மேற்குத் தெருப் பையன்களுக்கு என்ன மரியாதையோ அதே மரியாதை, அதே நிதானம். சித்தி வந்தாள், எதிர்வீட்டுக்காரர்கள் வந்தார்கள். எங்கள் வாசலில் ஒரு கூட்டமே சேர்ந்து அப்பாவின் பெயரைக் கேட்டுக்கொண்டு நின்றது.

பாதி ஆட்டம் முடிந்தது. குழாயில் வேறு குரல் வந்தது, விழாக் குழுத் தலைவருடையது. ஒரு திருத்தம் என்றார். வெளியூர் அறிவிப்பாளர் விவரம் தெரியாமல், யாருக்கு எப்படிச் சொல்ல வேண்டும் என்ற முறை மாறிச் சொல்லிவிட்டார், ஊர்ப் பெரியவர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம் என்று மன்னிப்புக் கேட்டார். மன்னிப்பு! என் அப்பாவை மரியாதையாகச் சொன்னதற்கு ஊரிடம் மைக்கில் மன்னிப்பு. ஒரு மனிதனுக்கு மரியாதை கொடுக்காமல் இருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். கொடுத்த மரியாதையை ஸ்பீக்கர் வைத்துத் திரும்ப வாங்கிக்கொண்டவர்களை அன்றுதான் பார்த்தேன். வாசலில் நின்றவர்கள் ஒருவர் பின் ஒருவராகக் கலைந்து போனார்கள். அம்மா மட்டும் அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

மைக் திரும்பக் காதர் பாயிடம் வந்தது. அவர் ஒன்றும் வாதாடவில்லை. ஆட்டம் தொடங்கியது. "பாடி வருபவர், ராமசாமி மகன் செல்வம்" என்றார். செல்வம் விழாக் குழுத் தலைவருடைய பையன். அடுத்து, "பாடி வருபவர், கருப்பையா மகன் தவசி." ஒருவருக்கு இல்லையென்றால் யாருக்கும் இல்லை. அதே குரலில், அதே நிதானத்தில், ஊர்ப் பெரியவர்கள் அத்தனை பேரையும் என் அப்பா நின்ற இடத்துக்கு இறக்கிக்கொண்டு வந்து நிறுத்திவிட்டார். எனக்கு அப்போது முழுசாக விளங்கவில்லை, அம்மாவுக்கு விளங்கியது. "அய்யய்யோ, இந்த மனுசன அடிக்கப் போறாக" என்றாள்.

புள்ளிகள் சமமாக நின்றன. கடைசி முறை, தவசி கோட்டைத் தாண்டுகிறார் என்று அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே மைக்கில் சரசரவென்று சத்தம் கேட்டது, "குடுய்யா இங்க" என்று ஒரு குரல், அப்புறம் ஒன்றுமே இல்லை. குழாய் செத்துப்போனது. நான் வீட்டை விட்டு ஓடிப் புளியமரத்தடியில் போய் நின்று அந்தக் குழாயின் வாயையே அண்ணாந்து பார்த்தேன். அதற்கு மேல் போக எனக்கு அனுமதி இல்லை. பொட்டலிலிருந்து பெரிய கூச்சல் எழும்பி வந்தது. யாருக்காகக் கத்துகிறார்கள்? என் அண்ணன் கோட்டைத் தொட்டானா, மண்ணைக் கவ்வினானா? ஊரே பார்த்துக்கொண்டிருந்த ஒன்று எனக்கும் என் அம்மாவுக்கும் மட்டும் தெரியாமல் போனது.

பொழுது சாய்கிற நேரத்தில் அப்பாவும் அண்ணனும் வயல் வழியாகச் சுற்றிக்கொண்டு வந்தார்கள். அண்ணன் கையில் துண்டில் சுற்றிய கோப்பை, திருடிக்கொண்டு வந்தவன் மாதிரி அக்குளில் இடுக்கியிருந்தான். "ஜெயிச்சாச்சு. யாரும் சத்தம் போடாதீக" என்றார் அப்பா. கோப்பையைக் கையில் கொடுத்தார்களே தவிர, ஜெயித்தது யார் என்று மைக்கில் சொல்லவில்லையாம். காதர் பாயை அதற்கு முன்பே ஒரு வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள்.

அந்த அறுப்புக்கு அப்பாவை யாரும் வேலைக்குக் கூப்பிடவில்லை. பரவைச் சந்தைக்குப் போய் மூட்டை தூக்கினார். இது காதர் பாயால் வந்த வினை என்று சித்தி ஒருநாள் அவரைத் திட்டியபோது அப்பா சொன்னது எனக்கு மறக்காது: "அந்த மனுசன் நல்லா இருக்கட்டும். எம் பேரு அம்புட்டு நீளமுன்னு எனக்கே அன்னைக்குத்தான் தெரிஞ்சுச்சு."

நர்ஸ் வேலை கிடைத்து மதுரைக்கு வந்தபோது கோரிப்பாளையத்தில்தான் குடியிருந்தேன். தர்காவுக்குப் போகிற தெருவில் செருப்புக் கடைகளாகப் பார்த்துக்கொண்டே நடப்பேன். ஒருநாள் ஒரு கடையில் வாடிக்கையாளரிடம் பேசிய குரல் என்னை அங்கேயே நிறுத்திவிட்டது. முடி முழுக்க நரைத்திருந்தார். ஊரைச் சொன்னேன், தவசியின் தங்கச்சி என்றேன். அவர் என்னை ஸ்டூலில் உட்கார வைத்து, டீ வாங்கி வரச் சொல்லிவிட்டு, "கடைசியா என்ன ஆச்சுன்னு உங்களுக்குக் கேட்டிருக்காதேம்மா" என்றார்.

பிறகு சொன்னார். மேசையிலிருந்து இழுத்துக்கொண்டு போகும்போதும் திரும்பிப் பார்த்துக்கொண்டே போயிருக்கிறார். "இடது மூலைக்குப் போனாரு. மூணு பேரு வளைச்சுக்கிட்டாங்க. குனிஞ்சு ஒருத்தரத் தொட்டாரு, இன்னொருத்தரு இடுப்பப் புடிச்சுட்டாரு. இழுத்துக்கிட்டே வர்றாரு, விழுறாரு, கை நீளுது, கோட்டுல விரல் பட்டுருச்சு." அத்தோடு பேச்சை நிறுத்திவிட்டார். அந்த இடைவெளியில், இத்தனை வருஷம் கழித்து, அந்தக் கூச்சல் என் அண்ணனுக்காக எழும்பியதுதான் என்று எனக்குப் புரிந்தது. செருப்புக் கடையில் உட்கார்ந்து அழுதேன், வெட்கமே படவில்லை.

விவரம் தெரியாமல்தான் அப்படிச் சொன்னீர்களா என்று கேட்டேன். அவருக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது. "அப்பா பேரு என்னன்னு கேட்டேன், சொன்னாங்க. ஒருத்தர அப்பா பேரோட சொல்றப்ப மரியாதையாத்தானம்மா சொல்லணும்? இதுல தெரியாம போறதுக்கு என்ன இருக்கு?" என்றார். அவர் காலமாகி வெகுநாள் ஆகிறது.

நல்ல அறிவிப்பாளர் யார் என்று என்னிடம் யாராவது கேட்டால் நான் ஆறஅமரப் பதில் சொல்வேன் என்று எதிர்பார்க்காதீர்கள், எனக்குக் கோபம்தான் வரும். டீக்கடை ரேடியோவில் தமிழில் கிரிக்கெட் வர்ணனை கேட்ட காலமும் எனக்குத் தெரியும். பந்து எந்தப் பக்கம் போனது, யார் விரட்டுகிறார், எத்தனை ஓட்டம் என்று சொல்லிவிட்டு, கைதட்டல் ஓயும்வரை வாயை மூடிக்கொள்ளத் தெரிந்தவர்கள் இருந்தார்கள். இன்று தொலைக்காட்சியில் நாலு பேர் உட்கார்ந்து ஒருவர் காலை ஒருவர் வாரிவிட்டுச் சிரிக்கிறார்கள். நேற்று ஓட்டலில் என்ன சாப்பிட்டார்கள் என்று சொல்கிறார்கள். பந்து கீழே விழுவதற்குள் சினிமா வசனம், எதற்கெடுத்தாலும் "வேற லெவல்". ஆட்டத்தைச் சொல்லுங்களய்யா என்றால், அதுதான் படத்தில் தெரிகிறதே என்கிறார்கள். கண் தெரியாதவன், அடுப்படியில் நிற்பவள், வண்டி ஓட்டிக்கொண்டே கேட்பவன், இவர்களெல்லாம் மனிதர்கள் கணக்கில் இல்லையா? அங்கே இல்லாத ஒருவருக்காகப் பேசுவதுதான் அந்த வேலை. இருக்கிறவர்களை மகிழ்விப்பதற்குக் கோமாளி போதும்.

இந்தப் பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். இப்போது பெண்களுக்கும் கபடிப் போட்டி உண்டு, அண்ணன் மகள் யாழினி ஆடுகிறாள். பெண்கள் உட்கார நாற்காலி போட்டிருந்தார்கள். அம்மாவைக் கைப்பிடியாகக் கூட்டிக்கொண்டு போனேன். முன்வரிசையிலேயே இடம் கிடைத்தது. ஒரு காலத்தில் பார்க்க விடவில்லை, விட்ட காலத்தில் அம்மாவுக்குப் பார்வை இல்லை, நிழலாகத்தான் தெரிகிறது. பரவாயில்லை, மைக் இருக்கிறதே என்று நினைத்தேன்.

மைக் இருந்தது. பெட்டி பெட்டியாக ஸ்பீக்கர்கள் அடுக்கி, பாட்டை அலறவிட்டு, அதற்கு மேல் இரண்டு இளைஞர்கள் கத்தினார்கள். "வந்துட்டா மின்னல் ராணி", "சிங்கப்பெண் சும்மா விடுவாளா". யார் மின்னல், யார் சிங்கம், எந்த ஊர், எத்தனை புள்ளி? "யாருத்தா பாடிப் போறது, நம்ம பிள்ளையா?" என்று அம்மா என் கையைச் சுரண்டிக்கொண்டே இருந்தாள். ஆனால் பரிசு கொடுத்தவர்கள் பெயர் மட்டும் முழுசாக வந்தது, பட்டம், பதவி, தகப்பனார் பெயர், கடை இருக்கிற தெரு எல்லாவற்றோடும், ஒரு முறைக்கு மூன்று முறை.

பொறுக்க முடியாமல் மேசைக்குப் போனேன். ஆடுகிற பிள்ளைகளின் பெயரைச் சொல்லுங்கள் தம்பி, அப்பா அம்மா பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள் என்றேன். அந்தப் பையன் மரியாதையாகத்தான் பேசினான். "அக்கா, பேரு சொன்னா அப்புறம் எந்தத் தெரு, என்ன ஆளுகன்னு பேச்சு வரும். அதான் பொதுவா பட்டப்பேரு. போன்ல லைவ் போகுதுக்கா, எல்லாரும் பாத்துக்கிட்டுத்தான இருக்காக" என்றான். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அன்று ஒரு பெயரைச் சொன்னதற்காக ஒருவர் கையிலிருந்து மைக்கைப் பிடுங்கினார்கள். இன்று பிடுங்க வேண்டிய அவசியமே இல்லாதபடி இவர்களே எல்லோர் பெயரையும் விழுங்கிவிட்டு, அதற்குச் சமத்துவம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பணம் கொடுத்தவனுக்குத் தெருவும் தகப்பனும் இருக்கலாம், வியர்வை சிந்துகிற பிள்ளைக்கு இருக்கக் கூடாதா என்று கேட்டேன். அவன் சிரித்துவிட்டு, அடுத்த பாட்டைப் போடச் சொன்னான்.

ஆட்டம் முடிந்து யாழினி மண்ணும் சிராய்ப்புமாக எங்களிடம் ஓடி வந்தாள். ஜெயித்திருந்தார்கள். அம்மா அவள் முழங்காலைத் தடவித் தடவிப் பார்த்தாள். அவள் தண்ணீரைக் குடித்துவிட்டு, மூச்சு வாங்கிக்கொண்டே என்னிடம் கேட்டாள்: "உள்ள பாடிக்கிட்டு இருக்கும்போது எனக்கு ஒண்ணுமே கேக்கல அத்தை. எம் பேரச் சொன்னாகளா?"